இடிக்குப் பயந்த கப்பல்காரன்

போன ஞாயிறு. பாசார் தெரு வீடியோ கடை.

ஓர் அம்மா கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஜப்பான் கார்ட்டூன். இப்போது பிள்ளைகள் அதற்கு அனிமே என்று பேர் சொல்கிறார்கள். கேசட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"அண்ணே, என்ன படம் இது? ஒருத்தன் பொய் சொல்றான். ஒருத்தன் குளிக்க மாட்டேங்கிறான். வாத்தியாரு பாடம் நடத்தாமத் தூங்குறாரு. நல்ல ஆளுங்க மட்டும் வர்ற மாதிரி ஒன்னு குடுங்கலா."

கடைக்காரர் அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி கீழிருந்து மேலே பார்த்தார்.

"அப்படி ஒன்னும் இல்லக்கா," என்றார். "இருந்தாலும் ஓடாது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், நியாயம் கேட்பது போல. நான் சிரித்து வைத்தேன். எனக்குப் பேச வராது. அது உங்களுக்கும் தெரியும். வாராவாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் எழுதுவதே நேரில் பேச வராததால்தான்.

ஆனால் சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. கடையில் வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் அண்ணனைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். ரைபிள் ரேஞ்ச் பிளாட், மேல்மாடி. வாசலில் நின்றால் ஒரு பக்கம் கொடிமலை. மறுபக்கம், துணி காயும் கழிகளுக்கு நடுவே, ஒரு விரல் அகலத்துக்குக் கடல். அப்போதும் நான் பேக்டரி பஸ்தான் ஓட்டினேன். காலையில் பெண்பிள்ளைகளைப் பாயான் லெப்பாஸ் பேக்டரிகளில் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் ஏற்றி வருவேன். பிறகு வீடு, சோறு, பாய்.

அண்ணனைத் தெரியாதவர் அந்தப் பக்கம் இல்லை. காவடி மணியம் என்பார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பெரிய உடம்பு, பெரிய குரல். தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுத்தால் தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் ஒரு கூட்டம் பின்னால் வரும். கன்னத்தில் வேல் குத்தும்போது இமை அசையாது.

"மணியத்துக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுலா."

இது ஊர்ப் பேச்சு. அண்ணன் காதிலும் விழும். சிரிப்பார். இல்லை என்று சொன்னதில்லை.

சின்ன வயதில் தாசேக் கெலுகோர் பக்கம் எஸ்டேட்டில் விறகு பிளந்தபோது ஒரு சிராய் பறந்து இடது கண்ணில் விழுந்தது. அந்தக் கண் அதோடு போயிற்று. மிச்சம் இருந்தது வலது கண். அந்த ஒன்றிலும் புரை விழுந்தது.

முதலில் பஸ் நம்பர் தெரியவில்லை. அப்புறம் பஸ்ஸே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சீனப் பெண், சின்ன வயது. மலாயில் நிதானமாகச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் பார்வை வரும். நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஆனால் எந்த ஆபரேஷனிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு, அதையும் சொல்ல வேண்டியது என் கடமை.

அண்ணன் தலையாட்டினார். தேதி வாங்கி வந்தோம்.

அந்தத் தேதிக்கு அவர் போகவில்லை.

"விரத மாசம்டா. உடம்புல கத்தி படக்கூடாது."

அடுத்த தேதியும் வந்தது.

"மழைக்காலம். புண்ணு ஆறாது."

அதற்கும் அடுத்த தேதிக்கு டாக்டர்மேல் குறை சொன்னார்.

"அந்த டாக்டருக்கு இன்னும் மீசையே மொளைக்கல. அதுகிட்ட போயி கண்ணக் குடுக்கவா?"

"அது பொம்பள டாக்டருங்க," என்றார் அண்ணி.

"அதத்தான் நானும் சொல்றேன்."

பிடிவாதம் என்றார் அண்ணி. திமிர் என்றார்கள் பக்கத்து வீடுகளில். நானும் அப்படித்தான் நினைத்தேன். காவடி மணியத்துக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

தீபாவளிக்குப் பிறகு ஒரு தேதி கொடுத்தார்கள். இதற்கு மேல் தள்ளினால் புரை முற்றிக் கண்ணே கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணி வந்து அப்படியே சொன்னார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேலை நின்றது. கோயில் நின்றது. பேச்சும் குறைந்தது. எங்கள் வீட்டில் பேசுகிற ஆள் அவர்தான். அவர் நிறுத்தியதும் பக்கத்து வீட்டுக் கடிகாரம்கூடக் கேட்டது.

அண்ணிக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு நாள் பழைய தமிழ்ப் படம் ஒன்றின் கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்தார். கண் தெரியாவிட்டால் என்ன? பாட்டுக் கேட்கலாமே.

டேப்பைப் போட்டார். பாட்டு வரவில்லை. கடையில் டப்பா மாறிவிட்டது.

வந்தது ஒரு சத்தம். எப்படிச் சொல்ல... தூரத்தில் கப்பல் மணி. அதன் மேல் ஒரு குழல். அதற்கும் மேலே காற்று. கேட்கும்போது உடம்பு எடை குறைந்த மாதிரி இருந்தது.

அண்ணி டேப்பை எடுக்கப் போனார்.

"இரு," என்றார் அண்ணன். சுவரிலிருந்து திரும்பினார். "என்னடி அது?"

"கார்ட்டூனுங்க. ஜப்பான்காரன் படம். டப்பாவ மாத்திக் குடுத்துட்டாங்க. வானத்துல ஒரு கப்பல் போவுது."

"வானத்துலயா?"

"மேகத்து மேல. வலை வீசுறாங்க."

"மேகத்துல என்ன மீனா இருக்கு?"

அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே மலாய் எழுத்து ஓடியது. அண்ணிக்கு மலாய் நன்றாக வரும்.

"மீன் இல்லீங்க. மழையப் பிடிக்கிறாங்க. பிடிச்சு, மழை இல்லாத ஊருக்குக் கொண்டுபோயி இறக்குறாங்க."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தை டிவிக்கு நேராக வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும்தான்.

"மேகம் எனக்கு நல்லாத் தெரியுதுடி," என்றார். "அந்தக் கப்பல் என் கண்ணுக்குள்ளதான் போவுது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தக் கப்பல் ஓடியது.

கதை பெரிய தொடர். டேப் டேப்பாக வரும். நான் அடுத்தடுத்து எடுத்து வருவேன். சாயங்கால வெயில் வாசல் வழியாக வந்து தரையில் நீளமாகப் படுத்திருக்கும். அண்ணன் நாற்காலியில் இருப்பார். அண்ணி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கதை சொல்வார். நான் ஒரு மூலையில் தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் கப்பலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் போதும்.

ஒருத்தி கேப்டன். அழகான பெண். காற்றைப் பார்த்தே வழி சொல்வாள். பொய் சொல்ல மாட்டாள். தப்பு செய்ய மாட்டாள். பசிக்காது, தும்மல் வராது.

இன்னொருவன் கயிறு கட்டுகிறவன். ஒல்லி. காது பெரிது. சமையல்கட்டில் சோற்று உருண்டையைத் திருடித் தின்பான். கேட்டால் எலி என்பான். வேலை நேரத்தில் தன் கால் சப்பாத்துகளோடு பேசிக்கொண்டிருப்பான். எல்லாவற்றுக்கும் மேலே அவனுக்கு இடி என்றால் பயம். வேலையோ மழை பிடிக்கிற கப்பலில். வானம் உறுமினால் சோற்றுப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பீப்பாய்க்குள் இறங்கிவிடுவான்.

இதையெல்லாம் நான் பார்த்தேன். அண்ணன் கேட்டது இது இல்லை.

ஒல்லி ஆள் சோற்றைத் திருடுவான். அண்ணி சொல்வார்: "அந்தத் தம்பி எல்லாருக்கும் சாப்பாடு எடுத்து வைக்கிறாருங்க."

ஒல்லி ஆள் பீப்பாய்க்குள் நடுங்குவான். அண்ணி சொல்வார்: "தம்பி தனியாப் போயி சாமி கும்புடுறாரு."

ஒல்லி ஆள் சப்பாத்தோடு சண்டை போடுவான். அண்ணி ஒரு நிமிடம் யோசிப்பார். "சப்பாத்தத் தொடச்சு வைக்கிறாரு. சுத்தமான பிள்ளை."

நான் வாய் திறக்கவில்லை. அண்ணி வீடு, அண்ணி சோறு, அண்ணி கதை.

முதல் சில நாள் அண்ணன் மேகத்துக்காகக் கேட்டார். பிறகு கொட்டாவி வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றாலும், மூடியது தெரிந்தது.

"என்னங்க, கேக்குறீங்களா?"

"கேக்குறேன். ஏன்டி, கப்பல்ல எல்லாருமே கோயில் கமிட்டி மாதிரி இருக்கானுங்க?"

"நல்லவங்களா இருந்தா உங்களுக்கு என்னாவாம்?"

"கோயில் கமிட்டியிலயே ஒரு திருட்டுப்பய இருப்பான். இங்க அதுகூட இல்ல."

மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே சோறு வேண்டாம் என்பார்.

அப்போது தீபாவளி வேலை வந்தது. அண்ணி வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். அந்த நேரத்தில் துணி மலையாகக் குவியும். மெஷினை விட்டு எழ முடியாது.

"தம்பி, இன்னிக்கு நீங்க சொல்லுங்க," என்றார்.

நானா? பஸ்ஸில் பெண்பிள்ளைகள் என்னை ஊமை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். ஆனால் மறுக்கவும் பேச வேண்டுமே. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

டேப் ஓடியது.

"என்னடா நடக்குது?"

"கப்பல் போவுது."

"அது தெரியுது. எப்படிப் போவுது?"

"மெதுவா."

"வெளங்கிடும்... அப்புறம்?"

"மேகம் கறுப்பா இருக்கு."

"சரி."

"ஒருத்தன் பீப்பாய்க்குள்ள எறங்குறான்."

"யாரு?"

"அந்த ஒல்லிப் பய."

"ஓ... எல்லாருக்கும் சோறு போடுற தம்பி. சாமி கும்புடப் போறானா?"

மலாய் எழுத்து வேகமாக ஓடியது. எனக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. இட்டுக்கட்டவும் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"இல்லண்ணே. ஒளியுறான்."

"ஏன்?"

"இடி."

"இடிக்கா?"

"ஆமா. தலையில பானை வச்சிருக்கான்."

"என்ன பானை?"

"சோத்துப் பானை. உள்ள இருந்த சோறு மொகத்துல வழியுது. அதையும் திங்கிறான்."

தையல் மெஷின் நின்றுவிட்டது.

அண்ணனுக்கு முதலில் தோள் ஆடியது. பிறகு வயிறு. பிறகு அந்தப் பழைய குரல், துறைமுகத்தில் கேட்ட குரல், வீடு முழுக்கச் சிரித்தது. கீழ்மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"இடிக்குப் பயந்தவனுக்கு மழை பிடிக்கிற கப்பல்ல வேலையா? எவன்டா இவன... டேய், இத்தன நாளா இவன் எங்கடா இருந்தான்?"

நான் அண்ணியைப் பார்க்கவில்லை.

"இங்கதான் இருந்தான்," என்றேன்.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"அடியே! சாமியா கும்புட்டான்?"

அண்ணி ஊசியைப் பார்த்தபடியே சொன்னார்: "உடம்பு முடியாத மனுசன் காதுல நல்ல வார்த்தைதான் விழணும். திருட்டையும் பயத்தையும் எதுக்குச் சொல்லணும்? எங்க வீட்ல அப்படித்தான்."

சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் நோயாளி இருக்கிற வீட்டில் கெட்ட சேதி பேசமாட்டார்கள். சாவுக்குப் போய்விட்டு வந்தால்கூடக் கல்யாணத்துக்குப் போன மாதிரி உட்காருவார்கள். அண்ணி அதைக் கார்ட்டூனுக்கும் செய்துவிட்டார். அவ்வளவுதான்.

"மொதல்லேருந்து போடு," என்றார் அண்ணன். "எல்லாத்தையும். ஒன்னு விடாம."

பழைய டேப்புகளைத் திரும்ப எடுத்து வந்தேன். வீடியோ கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

அண்ணன் அவனுக்குப் பேர் வைத்தார். இடிவிழுந்தான். ஜப்பான் பேர் வாயில் நுழையவில்லை.

பிறகு அந்த வீட்டின் சாயங்காலமே மாறியது. அவன் பொய் சொன்னால் அண்ணன், "மாட்டிக்குவான் பாரு" என்பார். மாட்டிக்கொண்டால், "சொன்னேன்ல?" என்பார். மாட்டிக்கொள்ளாவிட்டால் இன்னும் சந்தோஷம். சப்பாத்தோடு அவன் என்ன பேசினான் என்று கேட்பார். எனக்கு முழுசாகப் படிக்க வராது. "வலது சப்பாத்து மேல கோவம்" என்பேன். அது போதும். மீதியை அவரே கட்டிக்கொள்வார்.

கேப்டன் பெண் வந்தால்?

"அவ வந்துட்டாளா? சரி, டீ போடுடி."

பாவம் அந்தப் பெண். எவ்வளவு நல்லவள். அவள் ஒரு மேகத்திலிருந்து இன்னொரு மேகத்துக்குத் தாவும்போது அண்ணன் டீயை ஊதிக்கொண்டிருப்பார். ஏனென்றால் அவள் விழமாட்டாள். அது எல்லோருக்கும் தெரியும். இடிவிழுந்தான் ஒரு படி இறங்கினாலும் அண்ணன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வார். இவன் விழுவான். விழுந்தால் என்ன ஆவான்? அதுதானே கதை?

கெட்டவன் என்றால் சுவையாக இருப்பான் என்று சொல்லவில்லை. அந்தக் கதையில் ஒரு தண்ணீர் வியாபாரி வருவான். ஈவு இரக்கம் இல்லாதவன். அவனை அண்ணனுக்குப் பிடிக்காது. "இவன் நம்மள மாதிரி இல்லடா" என்பார். இடிவிழுந்தானைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு டேப்பில் விபரீதம் நடந்தது. ஒரு தீவில் கிழவி ஒருத்தி இடிவிழுந்தானுக்கு ஏதோ கஷாயம் கொடுத்தாள். குடித்ததும் பயம் போய்விட்டது. நெஞ்சை நிமிர்த்தி நின்றான். இடி விழுந்தபோது சிரித்தான். பானையை எட்டி உதைத்தான். சப்பாத்தோடு பேசவில்லை.

சொன்னேன்.

அண்ணன் முகம் விழுந்துவிட்டது.

"யாருடா இது?"

"அவன்தாண்ணே."

"இல்ல. அவன் இல்ல. டேப்ப எடு."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கார்ட்டூன்காரனுக்கு வீரம் வந்ததற்கு எங்கள் வீட்டில் துக்கம். அண்ணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்: "அடுத்த டேப்பு இருக்கா?"

போட்டேன். கஷாயம் தீர்ந்திருந்தது. தூரத்தில் ஒரு சின்ன உறுமல்.

"என்ன பண்றான்?"

"பானையத் தேடுறான்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. பீப்பாய்க்குள்ள போய்ட்டான்."

"அப்பாடா," என்றார் அண்ணன். "வந்துட்டான்."

இதைப் படிக்கிற உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கும் இருந்தது. காவடி மணியம், கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு நடந்தவர், ஒரு பயந்தாங்கொள்ளி திரும்பி வந்ததற்கு ஏன் இப்படி மூச்சு விட வேண்டும்? அன்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

தீபாவளி வந்தது, போனது. ஆஸ்பத்திரித் தேதிக்கு முந்தின நாள் வந்தது. காலையில் அண்ணி சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். அண்ணன் கையால் தடவிப் பார்த்தார். "நாளைக்கு எனக்கு இடுப்பு வலிக்கும்போல" என்றார்.

அண்ணி அழவில்லை. சட்டையை எடுத்து மடித்தார். மடித்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் டேப் போட்டேன். வெளியே உண்மையாகவே மழை கட்டியிருந்தது. கொடிமலை தெரியவில்லை. மேகம் இறங்கி வந்து எங்கள் வாசல் கழிகளில் உட்காரும் போலிருந்தது. மாடியே மெதுவாக நகர்கிற மாதிரி... நாங்கள் மூன்று பேரும் அந்தக் கப்பலில் இருக்கிற மாதிரி. டிவிக்குள்ளும் அதே மேகம்.

பெரிய புயல். பாய்மரத்தின் உச்சியில் ஒரு கயிறு சிக்கிக்கொண்டது. அதை வெட்டாவிட்டால் கப்பல் கவிழும். கேப்டன் பெண்ணுக்குக் கை உடைந்திருந்தது. மற்றவர்கள் துடுப்பில். கயிறு கட்டுகிறவன் ஒருவன்தான் பாக்கி.

"எங்க அவன்?"

"பீப்பாய்ல."

"கூப்புடுறாங்களா?"

"கூப்புடுறாங்க. வரல."

"வரமாட்டான். எப்படி வருவான்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பீப்பாய் மட்டும் ஆடியது. பிறகு...

"வெளிய வர்றான்."

"பானை?"

"தலையில இருக்கு."

"எங்க போறான்?"

"மரத்துக்கிட்ட. ஏறுறான்."

அண்ணன் முன்னால் குனிந்தார். "கஷாயம் குடிச்சானா?"

"இல்ல."

"அப்ப பயம் போய்டுச்சா?"

கீழே மலாய் எழுத்து வந்தது. ஒரே வார்த்தைதான். மறுபடி மறுபடி அதே வார்த்தை. அது எனக்குப் படிக்க வந்தது. தாக்குட். தாக்குட். தாக்குட்.

"பயமா இருக்கு, பயமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே ஏறுறான்."

"சும்மா சொல்லாதடா."

"அழுவுறான். மூக்கு ஒழுகுது. ஏறுறான்."

"இடி?"

"பக்கத்துலயே விழுது. கண்ண மூடிக்கிட்டான். ஏறுறான்."

"பயம் போவாம... எப்படிடா ஏற முடியும்?"

கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"அழுதுக்கிட்டே ஏறுறான்ணே."

அவன் உச்சிக்குப் போனான். கயிற்றை வெட்டினான். கப்பல் நிமிர்ந்தது. அவன் இறங்கவில்லை. இறங்கவும் பயம். மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதுகொண்டிருந்தான். மேகம் விலகி, கீழே காய்ந்து கிடந்த ஓர் ஊர்மேல் மழை இறங்கியது. அந்தக் குழலிசை வந்தது.

நான் சொல்லி முடித்தேன். டேப் தீர்ந்து, டிவியில் வெள்ளைப் பொறி இரைந்தது. நான் அணைக்க எழுந்தேன்.

"எனக்கும் அப்படித்தான்டா," என்றார்.

"என்னண்ணே?"

"பயமா இருக்கு." குரல் சின்னதாக இருந்தது. அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. "ஒரு கண்ணுதான்டா இருக்கு. அதுவும் போய்ட்டா? இப்பவாவது வெளிச்சம் தெரியுது. மேகம் தெரியுது. அதுவும் இல்லாமப் போய்ட்டா நான் என்ன பண்ணுவேன்?"

மெஷின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அண்ணி எழுந்து வந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?"

"யாருகிட்ட சொல்ல? காவடி மணியத்துக்குப் பயம்னா ஊரு சிரிக்காது?"

"ஊரு கெடக்குது. எங்கிட்ட சொல்லலாம்ல?"

"நீ என்னையும் சாமி கும்புடுறவன்னு மாத்திச் சொல்லிடுவியே," என்றார் அண்ணன்.

அண்ணி சிரித்தாரா, அழுதாரா... எனக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் அண்ணனுக்கு இடுப்பு வலிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வார்டில் மலாய் நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "பாக்சிக், தாக்குட் கா?" என்று கேட்டார், பயமா மாமா என்று.

"தாக்குட்," என்றார் அண்ணன். அவருடைய பழைய குரலில். வார்டே திரும்பியது.

பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தா எழுந்து உட்கார்ந்தார். தனக்கும் அதேதான் என்று கை காட்டினார். எதிர்க் கட்டிலில் ஒருவர் தலையாட்டினார். அன்றைக்கு அந்த வார்டில் பயப்படாதவர் ஒருவரும் இல்லை. யாராவது ஒருவர் முதலில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரம் முழுக்க அண்ணன் சொல்லிக்கொண்டே போனார். பயமா இருக்கு, பயமா இருக்கு. அண்ணி கூடவே நடந்தார். "சொல்லுங்க, சொல்லிக்கிட்டே போங்க" என்றார். கதவு மூடியது.

கார்ட்டூன் பார்த்து ஒருவர் ஆபரேஷனுக்குப் போனார் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். அவர் அண்ணிக்காகப் போயிருக்கலாம். வேறு வழியில்லாமல் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த அழகான கேப்டன் மரத்தில் ஏறியிருந்தால் அண்ணன் டீ குடித்துவிட்டுத் தூங்கியிருப்பார்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். அதே சின்ன வயது டாக்டர். கட்டைப் பிரித்தார். பஞ்சை எடுத்தார். அண்ணன் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"திறங்க," என்றார் டாக்டர், மலாயில்.

"பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டே தெறங்க," என்றார் அண்ணி.

திறந்தார். கண் சிவந்து, நீர் வழிந்தது. எதிரே முகத்துக்கு முகம் அண்ணி. பார்வை வர வேண்டிக்கொண்டு அன்று காலைதான் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். அண்ணன் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், காதோரம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னடி இது," என்றார். "இப்படிக் கெழவியாயிட்ட?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டருக்குப் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னார்: அந்தக் கட்டைத் திரும்பக் கட்டிவிடுங்கள்.

டாக்டர் கட்டவில்லை.